மனசு வரட்டும் என்று காத்திருக்காதே, வள்ளி

அன்புள்ள வள்ளிக்கு,

"மனசு வந்தால் மறுபடி படிக்க உட்காருவேன், அதுதான் வரமாட்டேங்குது" என்று எழுதியிருந்தாய். உன் நிலைமை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது, அதனால் பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம் பக்கத்தில் தேர்வில் தவறியோ வேலையை விட்டோ ஊர் திரும்பி வீட்டுக்குள் முடங்கியிருப்பவர்கள் பலர். அவர்களுக்கும் உதவட்டும் என்று, நீ சம்மதித்தபடி, பெயரை மாற்றிப் பொதுவில் எழுதுகிறேன்.

மனசு முதலில் வரும், வேலை பின்னால் வரும் என்று நினைக்கிறாய். சோர்ந்து கிடக்கும் காலத்தில் அது நேர்மாறாக நடக்கும். கையும் காலும் முதலில் அசைய வேண்டும். மனசு பின்னால்தான் வரும், அதுவும் தாமதமாக வரும்.

காரணம் இதுதான். குரூப் 2 தேர்வு இரண்டாம் முறையும் கைவிட்டுப் போனதும் நீ ஒதுங்கினாய். ஒதுங்கியதில் உடனே ஒரு நிம்மதி கிடைத்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், புத்தகத்தைப் பார்க்க வேண்டாம். ஆனால் தோழிகள், நடை, கோயில், சமையலறைப் பேச்சு, ஒரு வேலையை முடித்த திருப்தி என்று உனக்குத் தெம்பு தந்துகொண்டிருந்த எல்லாமும் அந்த ஒதுங்கலோடு நின்றுபோயின. தெம்பு குறைந்ததால் இன்னும் ஒதுங்கினாய். 1970களில் பீட்டர் லூயின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் மனச்சோர்வை இப்படித்தான் விளக்கினார். இந்தச் சுழலில் உணர்ச்சியை நாம் கட்டளையிட்டு மாற்ற முடியாது. காலை 6.30க்கு எங்கே நிற்கிறோம் என்பதை மாற்ற முடியும். உடைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

இது புத்தகத்தோடு நின்ற கொள்கை இல்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள், இந்தச் செயல்வழி முறையை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் சொல்லிக்கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடு. இது வெறும் சுணக்கமா, மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வா? பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரங்களை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார். நான் சொல்லும் மற்றவற்றை அதோடு சேர்த்தே செய்யலாம். ஒன்பதாம் கேள்வி செத்துப்போகலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே ஆத்தாவிடம் (அம்மாவிடம்) சொல், 14416க்கு அழை. அது மத்திய அரசின் டெலி-மானஸ் எண். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, சர்க்கரை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கும் பெண், படியேறினால் மூச்சு வாங்குவதையும் பத்துப் பக்கத்தில் கண் சொக்குவதையும் தன் சோம்பல் என்றே நம்பிக்கொண்டிருப்பாள். இரும்புச் சத்து மாத்திரையில் தீர வேண்டியதற்கு மன உறுதியைத் தேடி அலைவது கொடுமை.

இனி முதல் வாரம். எதையும் மாற்றாதே, எழுது மட்டும். ஒரு நோட்டில் மணிக்கு ஒரு கோடு போட்டு, அந்த நேரத்தில் என்ன செய்தாய், மனநிலை பத்துக்கு எவ்வளவு என்று குறி. எல்லாரும் தவிர்க்கப் பார்ப்பது இந்த வாரத்தைத்தான், ஆனால் மற்ற எல்லாமும் இதன் மேல்தான் நிற்கிறது. "நாள் முழுக்க ஒரே மாதிரி மோசம்" என்று சொல்கிறவரின் நோட்டில் நாள் ஒருபோதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கட்டிலில் படுத்தபடி கைபேசியில் தோழிகளின் பணி நியமனப் படங்களைப் பார்த்த மணிக்கு 2 இருக்கும். ஆயாவுக்கு (பாட்டிக்கு) வெற்றிலை மடித்துக் கொடுத்தபோது 4 இருக்கும். அந்த இரண்டு புள்ளி வித்தியாசம்தான் உனக்கு வேண்டிய தகவல். ஒரு எச்சரிக்கை: இரவில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் ஞாபகம் எல்லாவற்றையும் 2 ஆக்கிவிடும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறையாவது எழுது.

இரண்டாம் வாரம், எழும் நேரம். தூங்கும் நேரத்தைக் கட்டுப்படுத்த முயலாதே, அது கைக்கு அடங்காது. எப்போது தூங்கினாலும் காலை 6.15க்கு எழுந்துவிடு, ஞாயிறும் விலக்கில்லை. எழுந்ததும் வெளிச்சத்துக்கு வா. நம் பழைய வீடுகளில் இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வளவு என்னும் நடு முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகள் வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் இருட்டு. குழல் விளக்கு போட்டாலும் நூறு, இருநூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தேறும். வளவின் திறந்த நடுப்பகுதியிலோ முகப்புத் திண்ணையிலோ, மேகமூட்டமான காலையிலும், அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். உடம்பின் கடிகாரம் பகல் தொடங்கிவிட்டதைக் கண்ணுக்குள் விழும் இந்த வெளிச்சத்தை வைத்துத்தான் அறிகிறது. பதினொரு மணி வரை இருட்டறையில் கிடந்தால் இரவு இரண்டு மணிக்குத்தான் தூக்கம் வரும். காபியை வளவில் உட்கார்ந்து குடி, அரை மணி நேரம் அங்கேயே இரு. அந்த ஒரு மாற்றத்தையாவது விட்டுவிடாதே.

காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக் காபியின் கஃபீனில் பாதி ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் இருக்கும், அதனால் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். மதியம் சாப்பிட்டதும் கண் சொக்கினால் இருபது நிமிடம், மூன்று மணிக்கு முன். இரவில் படுத்து இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார், தூக்கம் வந்தபின் கட்டிலுக்குத் திரும்பு. பகலில் கட்டிலில் படிப்பு, கைபேசி, அழுகை எதுவும் கூடாது. கட்டிலைக் கண்டதும் கவலை வருவதற்கு உடம்பு பழகிவிடுகிறது. அதைத் திருப்பிப் பழக்க இரண்டு மூன்று வாரம் ஆகும்.

அதே வாரத்தில் மூன்று சின்ன வேலைகள். உடம்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று, மனிதர்களோடு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நேரமும் இடமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். "தினமும் நடப்பேன்" என்று எழுதினால் நடக்காது. "வளவில் காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊருணிக் கரைக்குப் போவேன், பத்து நிமிடம்" என்று எழுதினால் நடக்கும். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் வாலில் புதியதைக் கட்ட வேண்டும். நேரத்தையும் பார்த்து வை. சித்திரை வைகாசியில் பதினொரு மணிக்கு நடக்கத் திட்டம் போட்டால் திட்டத்தை வெயில் கொன்றுவிடும், பழியை நீ உன் மேல் போட்டுக்கொள்வாய்.

கைக்கு, ஆயாவோடு உட்கார்ந்து கொட்டான் (ஓலைக் கூடை) முடை. ஓலையை நனைத்து, கிழித்து, சாயம் ஏறியதையும் ஏறாததையும் மாற்றி மாற்றிப் பின்னும்போது கண்ணும் விரலும் கணக்கும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் எண்ணத்துக்கு இடம் குறையும். மாலைக்குள் கையில் ஒரு பொருளும் இருக்கும். ஆள் துணையும் கிடைப்பதால் மூன்றில் இரண்டு அதிலேயே அடங்கிவிடுகிறது. இருபது நிமிடம் போதும்.

அளவில்தான் பெரும்பாலானவர்கள் கெடுகிறார்கள். ஒரு திங்கட்கிழமை வேகம் வந்து பதினான்கு மணி நேர அட்டவணை போடுவார்கள், புதன்கிழமை அது சரியும், "நான் தேறமாட்டேன்" என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடும். மிக மோசமான நாளில் எவ்வளவு முடியும் என்று யோசி, அதில் பாதியை எழுது. அரை மணி தோன்றினால் பதினைந்து நிமிடம். நல்ல நாளிலும் அதைத் தாண்டாதே, ஏனென்றால் நல்ல நாளில் இரண்டு மணி நேரம் உழைத்தவர் மறுநாள் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார். ஒரு நாள் தவறினால் தவறட்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது அந்தப் போக்கைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு நாள் விடாமல் பார்த்துக்கொள்.

"எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற கேள்வி நடுவில் வந்து உட்காரும். அதை விரட்டினால் போகாது. இரண்டு நிமிடம் கொடுத்துப் பார். அதற்குள் ஒரு முடிவோ, செய்ய ஒரு வேலையோ கிடைத்தால் அது யோசனை. கிடைக்காவிட்டால் அது அசைபோடுதல், உடனே எழுந்து வேறு அறைக்குப் போ.

அறுபதாம் கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), கோயில் விசேஷம் எதற்கும் போகாமலிருக்க நீ சொல்லும் காரணம் "இப்ப என்னத்தா பண்றே?" என்ற கேள்விதான். அந்தக் கேள்வி வரும், தடுக்க முடியாது. பதிலை முன்கூட்டியே ஒரு வரியாகச் செய்து வைத்துக்கொள்: "கொஞ்சம் உடம்பைத் தேத்திக்கிட்டு இருக்கேன், அடுத்து படிக்கணும். உங்க மகள் எப்படி இருக்கா?" கண்ணாடி முன் ஐந்து முறை சொல்லிப் பார். முதல் விசேஷத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் என்று ஆத்தாவோடு பேசிவைத்துவிட்டுப் போ. பந்தி முடிந்ததும் கிளம்பலாம்.

படிப்பை மூன்றாம் வாரத்தில் தொடு, அதற்கு முன் வேண்டாம். புதுப் பாடத்தில் தொடங்காதே. பழைய வினாத்தாளில் உனக்கு நன்றாக வந்த பகுதியை எடு, 25 நிமிடம், கைபேசி வீட்டு முகப்பில், நீ வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குள். மணி அடித்ததும் நடு வரியில் இருந்தாலும் மூடு. மறுநாள் தொடங்க அந்தப் பாதி வரி உதவும். ஒரு வாரம் இது நிலைத்தால் இன்னொரு 25 நிமிடம் சேர்.

ஆத்தாவும் அப்பச்சியும் (அப்பாவும்) படிக்கட்டும் என்று ஒரு பத்தி. "எழுந்து எதையாவது செய்" என்று சொல்லாதீர்கள். செய்யும்போது கூடவே இருங்கள். ஊருணிக் கரைக்கு ஒருவர் உடன் நடந்தால் பத்தில் எட்டு நாள் நடக்கும். சித்தப்பா மகள் பாஸ் பண்ணியதைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்துங்கள். அது பாசத்தால் செய்வது, ஆனால் அறையை விட்டு வெளியே வரக் கடைசியாக இருக்கும் காரணத்தையும் எடுத்துவிடுகிறது.

நாலாம் வார முடிவில் அதே ஒன்பது கேள்விகளை மறுபடி போடு. ஐந்து புள்ளியாவது குறைந்திருந்தால் வழி சரி, மெதுவாக அளவைக் கூட்டு. குறையாவிட்டாலோ, கூடியிருந்தாலோ, காரைக்குடி அரசு மருத்துவமனையில் கேள், அல்லது சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போ. மாத்திரை எழுதினால் பயப்படாதே. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும் வந்து பெரும்பாலும் தணிந்துவிடும். பலர் அந்த முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் தேறியதும் தாமாக நிறுத்துகிறார்கள், அது இன்னும் ஆபத்து, சோர்வு திரும்பி வரும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், குறைப்பதையும் அவர்களே படிப்படியாகச் செய்வார்கள். போகும்போது முதல் வார நோட்டு, இரண்டு மதிப்பெண் தாள், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. நாக்கு எழாத நாளிலும் அவற்றை மருத்துவர் கையில் கொடுத்தால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

அன்புடன்.