ஓடக் கூடாது என்று எழுதிவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பத்தொன்பது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறேன். அதனால்தான் சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த 'ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் ஓட்டம், விளையாட்டைத் தவிர்ப்பது நல்லது' என்ற ஒரு வரி இத்தனை வலிக்கிறது. அதை வெட்டி என் மகளின் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஏழாவது படிக்கிறாள், 400 மீட்டர் ஓட்டத்திலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

எனக்கும் சிறு வயதிலிருந்தே வீசிங். பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தே பள்ளிக்காலம் போனது. ஓடாமல் இருந்ததால் வீசிங் போகவில்லை, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியதுதான் மிச்சம். அந்த மரத்தடிக்கு என் மகளையும் அனுப்ப எனக்கு மனமில்லை.

அவளை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிடவில்லை ஐயா. தடுப்பு இன்ஹேலரைத் தினமும் தவறாமல் எடுக்கிறாள். மருத்துவர் சொன்னபடி ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்து இரண்டு பஃப், அப்புறம் பத்து நிமிடம் மெதுவோட்டம், அதற்குப் பிறகுதான் வேகம். குளிர்ந்த காற்றை வாயால் இழுத்தால் மூச்சுக்குழாய் வறண்டு சுருங்கும் என்பதால் மார்கழியில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வாள். சளி பிடித்தாலும் போகிப் புகை சூழ்ந்தாலும் ஓட்டம் கிடையாது. ஓடி நின்ற ஐந்து, பத்து நிமிடத்தில்தான் இழுப்பு கூடும், அதனால் முடித்ததும் அவளைத் தனியாக விடமாட்டேன். ஆஸ்துமாவோடு ஓடிய பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் முடித்து பெண்கள் உலக சாதனை படைத்தது உங்களுக்குத் தெரியாததல்ல.

இது முதல் முறையும் இல்லை. ஹைதராபாத்தில் ஆஸ்துமாவுக்கு உயிர்மீன் விழுங்க நிற்கும் கூட்டத்தை அரைப்பக்கம் போட்டீர்கள், அது குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரு வரி இல்லை. 'இன்ஹேலர் பழகிவிடும்' என்று வாசகர் கேள்விக்குப் பதில் வந்தபோதும் எழுதினேன், வெளியிடவில்லை. அதைப் படித்துவிட்டு என் மாமியார் மூன்று நாள் இன்ஹேலரை ஒளித்து வைத்தார், நான்காம் நாள் இரவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன்.

சரி, பழையதை விடுகிறேன். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் நான்கு வரித் திருத்தம் போதும். அதில், பிள்ளையின் இன்ஹேலரை ஆபீஸ் பீரோவில் பூட்டாமல் மைதானத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். விளையாட்டு விழா அடுத்த மாதம் 9ஆம் தேதி. அதற்கு முன் வந்தால், வெட்டிக்கொண்டு போய் அதே பலகையில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஸ்ரீரங்கம்