'குழுவினர்' என்று போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய இசைத்தட்டுகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1950-களின் அமெரிக்கக் குழுப்பாட்டு என்று தொடங்கி, பிளாட்டர்ஸ் குழுவோடு முடித்துவிட்டீர்கள். அவர்கள் அருமையான பாடகர்கள். ஆனால் அவர்கள் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிக்குள் நுழைந்த கதையையும் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, நம்மூர் கேசட் உறைகளில் பெயர் விடுபட்ட பின்பாட்டுக்காரர்களைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

நான் போத்தனூரில் நாற்பது வருஷம் ரேடியோ, ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். 1969-ல், தொழில் பழகும் பையனாக, ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டுக்கு ஊசி மாற்றப் போனேன். ஓட்டிப் பார்க்க அந்த வீட்டு ஆன்ட்டி எடுத்துக் கொடுத்தது பிளாட்டர்ஸ் தட்டு. அதுவரை டி.எம்.எஸ்., சீர்காழி என்று ஒற்றைக் குரலுக்கே பழகியிருந்த காது எனக்கு. ஒரு குரல் முன்னே போக, மற்ற குரல்கள் அதன் அடியில் பாய் விரித்ததுபோல் நின்றதை அன்றுதான் கேட்டேன். அப்புறம் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனது. அங்கிருந்து ஆன்ட்டி எனக்கு ஒரு கேசட் அனுப்பினார். பெங்குவின்ஸ் குழுவை அதில்தான் கேட்டேன்.

லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த நான்கு கறுப்பின இளைஞர்கள். சிகரெட் பாக்கெட்டில் இருந்த பெங்குவின் படத்தைப் பார்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். 'எர்த் ஏஞ்சல்' பாட்டை 1954-ல் ஒரு வீட்டு கார் ஷெட்டில் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் சத்தம் குரலை விழுங்கிவிடாமல் இருக்கத் தலையணை வைத்து அமுக்கினார்களாம். வெளியிட்டது டூட்ஸி வில்லியம்ஸ் நடத்திய டூடோன் என்ற சின்ன கம்பெனி. கறுப்பினத்தவர் இசைக்கென்று இருந்த ரிதம் அண்ட் புளூஸ் வெற்றிப் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போனது. உடனே மெர்க்குரி என்ற பெரிய கம்பெனி, குரூ கட்ஸ் என்ற வெள்ளையர் குழுவை வைத்து அதே பாட்டைப் பாடவைத்து வெளியிட்டது. பொதுவான பாப் பட்டியலில் அந்த நகல்தான் மேலே ஏறியது.

அடுத்து அதே மெர்க்குரி பெங்குவின்ஸையே கேட்டது. அவர்களுடைய மேனேஜர் பக் ராம், "பிளாட்டர்ஸையும் சேர்த்து எடுத்தால்தான் தருவேன்" என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். கொசுறாகப் போன பிளாட்டர்ஸ் 1955-லேயே உலகப் புகழ் பெற்றார்கள். கேட்டு வாங்கிய பெங்குவின்ஸுக்கு அப்படி இன்னொரு வெற்றி அமையவே இல்லை.

ரேவன்ஸ், ஓரியோல்ஸ், குரோஸ், ஸ்வாலோஸ், ஃபிளமிங்கோஸ் என்று பறவைகளின் பெயரில் அமைந்த அந்தக் காலத்துக் குழுப் பெயர்களைப் படித்தால் வெள்ளோடு பறவைகள் சரணாலய ஏரிக்கரையில் நிற்பதுபோல் இருக்கும். பிரிசனேர்ஸ் என்ற இன்னொரு குழுவின் பெயரிலேயே அவர்கள் கதை இருக்கிறது. நாஷ்வில் சிறையின் கைதிகள் ஐந்து பேரை 1953-ல் காவலோடு மெம்பிஸுக்கு அழைத்துப்போய், சன் கம்பெனியில் பாடவைத்தார்கள். அந்தப் பாட்டை மூன்று வருஷம் கழித்து ஜானி ரே என்ற வெள்ளையர் பாடினார். அது உலகமெங்கும் ஓடியது.

சின்ன கம்பெனிகளுக்கு வெற்றியே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. தட்டு அச்சடிக்க முன்பணம் கட்ட வேண்டும். விற்பனையாளரிடமிருந்து காசு மாதக்கணக்கில் வராது. கம்பெனி மூழ்கினால் பாட்டும் மூழ்கியது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளோ அரக்கில் செய்தவை, கை நழுவினால் போச்சு. அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து போனது என்பதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

இத்தனையும் எழுதக் காரணம் இருக்கிறது. அந்தத் தட்டுகளின் லேபிளில் பெரும்பாலும் குழுவின் பெயர் மட்டும்தான் இருக்கும். பாடியவர் பெயர்களைப் பிற்காலத்து ரசிகர்கள்தான் தேடித்தேடி எழுதிவைத்தார்கள். பெங்குவின்ஸ் நால்வர் கிளீவ்லண்ட் டங்கன், கர்டிஸ் வில்லியம்ஸ், டெக்ஸ்டர் டிஸ்பி, புரூஸ் டேட் என்று போத்தனூரில் உட்கார்ந்திருக்கிற என்னால் சொல்ல முடிகிறது. நம் அண்ணமார் கதை உடுக்கைப்பாட்டுக்கு, வள்ளிக் கும்மிக்கு அப்படிச் சொல்ல முடியுமா?

என்னிடம் கொங்கு நாட்டுச் சின்ன கம்பெனிகள் போட்ட கேசட்டுகள் அறுபத்திரண்டு இருக்கின்றன. உறையில் முதல் பாட்டுக்காரர் பெயர் இருக்கும், அடுத்து 'மற்றும் குழுவினர்'. அதில் ஒன்றில் பின்பாட்டுப் பாடியவர் என் கடைக்கு வந்து, தன் குரலைத் தானே கேட்டுவிட்டுப் போனவர். உறையில் அவர் பெயர் போடவில்லை என்று அந்தக் கம்பெனியில் கேட்டதற்கு, "எல்லார் பேரும் போட இடம் ஏதுங்க?" என்றார்களாம். அவர் இப்போது இல்லை. ஒரு நோட்டில் அவர் பெயரோடு சேர்த்துப் பதினொரு பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் பத்திரிகை ஈரோடு, திருப்பூர், தாராபுரம், கோபி வரை போகிறது. வாரம் ஒரு கேசட்டின் உறைப்படத்தைப் போட்டு, "இதில் பின்பாட்டுப் பாடியவர் யார்?" என்று கேளுங்கள். பாடியவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கட்டாயம் எழுதுவார்கள். படம் எடுக்க என் கேசட்டுகளை நானே கோவை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். முதலில் காங்கேயம் பக்கத்துக் கும்மிக் கேசட்டைப் போடுங்கள். அதில் மூன்றாவதாகக் குரல் எடுக்கும் அம்மா யாரென்று இருபது வருஷமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்,
போத்தனூர், கோவை.