உன் வண்டி ஏற்றத்தில் திணறுவது பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. கண் அறுவை முடிந்து அம்மா மறுபடி தானே செய்தித்தாள் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாக அவரிடம் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், பகலில் வீடு அமைதியாகக் கிடக்கிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0171 வருகிறது, எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு மாற்றாதே. இரண்டு மாதம் முன்பு இதே எரர் கோடு என் வண்டியிலும் வந்தது. நானும் முதலில் அந்த சென்சாரைத்தான் மாற்றினேன். நாலாவது நாள் விளக்கு மறுபடி எரிந்தது.

அந்தக் கோடு எந்தப் பாகத்தையும் குற்றம் சொல்லவில்லை. கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைந்திருக்கிறது, தன்னால் இதற்கு மேல் சரிக்கட்ட முடியவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் கை விரிக்கிறது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சார்தான். காய்ச்சலைக் காட்டிய தெர்மாமீட்டரை மாற்றியது போலத்தான் நான் செய்தது.

நாம் கார்புரேட்டர் வண்டியைப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்ட நாட்களில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம், நினைவிருக்கிறதா? வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். இப்போது அந்த வேலையை ஃபியூவல் ட்ரிம் என்ற எண் செய்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற அளவைப் பிடித்து நிறுத்த, கம்ப்யூட்டர் தான் கணக்கிட்டதைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதை அது காட்டும். உடனடித் திருத்தம் ஒரு எண், நாள்பட்ட திருத்தம் இன்னொரு எண். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இருபத்தைந்தை நெருங்கினால் பெரும்பாலான வண்டிகளில் விளக்கு எரிந்துவிடும்.

என் வண்டியில் ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, கூட்டல் 27. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தியதும் 6-க்கு இறங்கியது. இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. எங்கோ ஒரு ஓட்டை வழியாக, காற்றளவு சென்சாரைத் தாண்டி, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் அந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்காகிவிடும். வேகம் கூடி நிறையக் காற்று போகும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை.

ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று நாள் ஆனது. கார்ப் கிளீனரை ஹோஸ்கள் மேல் அடித்து, இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும், நீ அதைச் செய்யவே செய்யாதே. கடைசியில் ஒரு பட்டறையில் புகைச் சோதனை செய்தோம். இன்ஜினை நிறுத்திவிட்டு, இன்டேக் குழாய்க்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையை விடுகிறார்கள். காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து நூல் போலப் புகை வந்தது. பி.சி.வி. ஹோஸ், அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் குழாய், அதன் வளைவின் அடிப்பக்கம், ஆயில் ஆவியில் ஊறிக் கொழகொழத்து விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் புதிது போல இருக்கும்! அந்த இடத்துக்கு உரிய ஹோஸையே வாங்கிப் போட்டேன். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் போட்டால் ஆயிலில் ஊறி, இன்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். இப்போது ட்ரிம் 2, 3 என்று நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்த அந்தத் தடுமாற்றமும் போய்விட்டது.

ஆனால் நீயும் ஹோஸைத் தேடாதே. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கடிதத்தின் ஓரத்தில் நீ குறித்திருந்த எண்கள் என்னுடையதற்கு நேர் எதிர். உனக்கு ஐடிலிங்கில் 4, ஏற்றத்தில் 22. ஓட்டை இருந்தால் இப்படி வராது. ஒன்று, காற்றளவு சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. இல்லையென்றால், கேட்கிற பெட்ரோல் வந்து சேரவில்லை.

முதலில் சுலபமானதைப் பார். ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் காற்றளவு சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் அடித்து, தானாகக் காயவிடு. உள்ளே இருக்கும் கம்பி மிக மெல்லியது, துணியோ விரலோ படக்கூடாது. மாட்டிவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டு. எண்ணைப் பக்கத்தில் உட்காருபவர் படிக்கட்டும், உன் கண் சாலையில் இருக்கட்டும்.

எண் இறங்கவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். பிரஷர் கேஜ் மாட்டி, சுமையில் ஓடும்போதும் அழுத்தம் மேனுவலில் சொன்ன அளவில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல். நின்ற இடத்தில் அளந்தால் சரியாகத்தான் காட்டும், ஏமாந்துவிடுவோம். அழுத்தம் விழுந்தால் உடனே பம்பை மாற்றிவிடாதே. ஃபில்டர் அடைத்திருக்கலாம். பம்புக்குப் போகும் வயரிலோ எர்த்திலோ துரு ஏறி வோல்டேஜ் குறைந்திருக்கலாம். லைனைத் திறக்கும் முன் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும், இதை மட்டும் நீயே செய்ய வேண்டாம், பட்டறையில் விடு.

இதைத் தள்ளிப்போடாதே என்று கேட்டுக்கொள்கிறேன். என் கோளாறு ஐடிலிங்கில்தான், உன்னுடையது சுமையில். சுமையில் லீனாக ஓடினால் நாக்கிங், அதாவது இன்ஜினுக்குள் தட்டுகிற சத்தம், வரும், பிஸ்டனே பழுதாகும். மிஸ்ஸிங் வந்தால், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போனால், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். சரியாகும்வரை ஏற்றத்தில் முழுதாக மிதித்து ஓட்டாதே.

சென்சாரைக் கழுவிய பிறகு இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பு, ஐடிலிங்கில் எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு என்று. அப்புறம், அம்மாவுக்கு அடுத்த கண்ணுக்கு எப்போது என்றும் எழுது. அந்த வாரம் நான் வந்து உடன் இருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பட்டறைத் தோழன்