நிபோங் திபாலிலிருந்து அம்மாவுக்கு

மரியே வாழ்க!

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நானும் அவரும் அத்தையும் சுகம். அப்பாவின் கால் வீக்கம் வற்றியதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் ரெண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வந்தது சொல்லாமலே நின்றுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேளாங்கண்ணியில் எனக்காகத் தொட்டில் கட்டிவிட்டு வந்தாய் என்று அண்ணி சொன்னாள். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் செப்டம்பர் 8 திருவிழாவுக்கு நடந்தே வருவதாகவும் நேர்ந்துகொண்டிருக்கிறாயாமே, அது வேண்டாம் அம்மா. உன் முட்டி தாங்காது. பங்குச் சாமியாரிடம் சொன்னால் அந்த நேர்ச்சையை வேறு ஏதாவது செபமாக மாற்றிக் கொடுப்பார். நீ எந்தக் கவலையோடு நடக்கப் போகிறாயோ, அந்தக் கவலையில் பாதி எனக்கு இப்போது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மலேசியாவில் பினாங்கு மாநிலம் என்றதும் கடலும் பெரிய கட்டடமும் என்று நினைத்துக்கொள்ளாதே. இது தோட்டத்தை நம்பி எழுந்த ஊர். நம் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்த காலத்தில் கரும்பு, அப்புறம் ரப்பர், இப்போது கண்ணுக்கெட்டின தூரம் வரை செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். அவர் லாரியில் ஏற்றிப் போவது அதன் குலைகளைத்தான். வெட்டின குலையைச் சீக்கிரம் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும் என்பதால் அவருக்கு நேரம் காலம் கிடையாது. காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்று அன்பாகக் கேட்பார்கள். அதற்கு அடுத்த கேள்விதான் என்னைக் கொன்றது. "ஏதாவது விசேஷம் உண்டா?"

முதல் கரு கலைந்தது உனக்குத் தெரியும். அடுத்ததும் தங்காமல் போனதை உன்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகு வளைகாப்புக்குத் தெருவே போகும், எனக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது சத்தியம். சொந்தத்தில் ஒருவர் மட்டும் என் காதுபடவே, "என்ன பாவம் பண்ணினாளோ" என்றார். கேட்டுக் கேட்டு நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் போய்விட்டது. சமைப்பேன், துவைப்பேன், பூசைக்குப் போவேன். யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, கடவுள் என்னைத் தண்டிக்கிறார் என்று சொல்லி அழுதேன். "எந்தப் பாவத்துக்கு?" என்று சாமியார் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தை வீட்டில் போய் வாசிக்கச் சொன்னார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்கிறார் ஆண்டவர். சின்ன வயசிலிருந்து நம் கோயிலில் எத்தனையோ தடவை கேட்ட வாசகம்தான். அன்றைக்குத்தான் அது எனக்காகவும் சொன்னது என்று தெரிந்தது. தூக்கத்துக்கு டாக்டரைப் போய்ப் பார் என்று அனுப்பியதும் அந்தச் சாமியார்தான். கொஞ்ச காலம் மாத்திரை சாப்பிட்டேன். செபம் பண்ணுகிறவள் மாத்திரை சாப்பிடலாமா என்று யாராவது கேட்டால், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிற சுகம்தான் என்று நீயே சொல்லிவிடு.

நம் ஊர் அன்பியம் மாதிரி இங்கேயும் வீடு வீடாகச் செபம் வைக்கிறார்கள். அப்படி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு முறை வந்தது. நல்ல மழை. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. எதிர்வீட்டுப் பாட்டிதான் வாசித்தார். ரப்பர்க் காலத்தில் பால் வெட்டினவர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்சம் படித்தவர். ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்துவார். பழைய கத்திக் காயத்தால் அந்த விரல் நுனி கொஞ்சம் கோணலாக இருக்கும்.

சாமுவேல் முதல் நூலில் வரும் அன்னாவின் கதை. அன்னாவுக்குப் பிள்ளையில்லை. சக்களத்தி பெனின்னா குத்திக் குத்திப் பேசுகிறாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று புருஷன் எல்கானா கேட்கிறார். (உன் மருமகனும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்.) கோயிலில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய அழுதுகொண்டே வேண்டுகிறவளை, குடித்திருக்கிறாள் என்று குரு ஏலி நினைத்துவிடுகிறார். இல்லை ஐயா, மனசைத்தான் கொட்டுகிறேன் என்கிறாள். சமாதானமாகப் போ என்று அவர் அனுப்புகிறார். அவள் போய்ச் சாப்பிடுகிறாள். அதன் பிறகு அவள் முகம் வாடியிருக்கவில்லை.

அந்த வரியில் பாட்டியின் விரல் நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்து, "புள்ள பொறக்கிறதுக்கு முன்னாலேயே மொகம் தெளிஞ்சிருச்சு, பாத்தியாம்மா" என்றார். எல்லார் முன்னாலேயும் அழுதுவிட்டேன். கையில் எதுவும் வருவதற்கு முன்னாலேயே அவளுக்குச் சுகம் வந்துவிட்டது. அவளைக் குடிகாரி என்று நினைத்தவரே ஆசீர் கொடுத்து அனுப்புகிறார். பிள்ளை வந்தால்தான் நான் மனுஷி என்று இருந்தேனே, கடவுள் அப்படிக் கணக்குப் போடுகிறவர் இல்லை அம்மா. அதை நான் முழுசாக நம்புகிறேன்.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனோம். இங்கிருந்து பக்கம்தான். 1888இல் கட்டின பழைய கோயில் இன்னும் இருக்கிறது, 2019இல் பசிலிக்கா என்று உயர்த்தியிருக்கிறார்கள். ஜூலை 26ஐ ஒட்டித் திரளும் கூட்டத்தைப் பார்த்தால் உனக்கு வேளாங்கண்ணி ஞாபகம் வரும். தமிழர், சீனர், குங்குமம் வைத்த பெண்கள் என்று எல்லாரும் மெழுகுவர்த்தியோடு நிற்கிறார்கள். மாதாவைப் பெற்ற அன்னம்மாளும் வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்தவர் என்று சொல்வார்கள். பைபிளில் அது இல்லை, சபையில் வழிவழியாக வந்த கதை. நான் அங்கே குழந்தை வேண்டும் என்றுதான் கேட்டேன். ஆசை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் முன்பெல்லாம் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறவளாக முழங்காலில் நிற்பேன். இந்தத் தடவை மகளாகக் கேட்டேன்.

இன்னொரு நல்ல செய்தி. பக்கத்து வீட்டுத் தம்பதிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அந்தப் பெண் வீட்டுக்கே வந்து, "அக்கா, நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும்" என்றாள். வளைகாப்புக்கு என்னை விட்டுவிட்டார்கள், ஞானஸ்நானத் தொட்டிக்குக் குழந்தையைத் தூக்கிப்போவது நான்! அவர் அன்றைக்கு லீவு எடுக்கிறார், அத்தை புதுப் புடவை வாங்கிவிட்டார்.

பங்கு அலுவலகத்தில் என் உறுதிப்பூசுதல் சான்றிதழ் கேட்கிறார்கள். நம் பங்கில் வாங்கி, அண்ணனிடம் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பு, சீக்கிரம் வேண்டும். பேரில் அப்பாவின் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். முடிந்தால் அண்ணியை வெள்ளைப் பருத்தியில் ஒரு சின்னச் சட்டை தைக்கச் சொல். கழுத்தில் லேஸ் வேண்டாம், இங்கே வெக்கை அதிகம், குழந்தைக்குக் குத்தும்.

உன் மகள்