மறுத்துப் பேசுங்கள், மண்டபத்தைப் பூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நாற்பது வருசத்துக்கு மேலாகத் தையல் தைத்துப் பிழைக்கிறவள் நான். பேப்பரை மரண அறிவித்தல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கும் வயது. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

இரண்டு ஞாயிறுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர் திருநங்கைகளைப் பற்றி எழுதியிருந்தார். வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய், எங்கள் பண்பாட்டில் இல்லாத சங்கதி, மேடை போட்டு இதைக் கதைக்க விடக்கூடாது என்பது அதன் சாரம். முதல் இரண்டையும் அவர் எழுதலாம். நானும் பதில் எழுதலாம். பேப்பர் அதற்குத்தானே. கடைசியாகச் சொன்னதுதான் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஏனென்றால் அந்தக் கடிதம் வந்த நாலாம் நாள் எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் நின்றுபோனது. பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. ஏழெட்டுப் பெடியளும் பெட்டையளும் சேர்ந்து ஒரு சின்ன மண்டபத்தில் ஒழுங்கு செய்தது. ஒரு திருநங்கை இருபது நிமிடம் தன் கதையைச் சொல்வாள், பிறகு ஆரும் கேள்வி கேட்கலாம், பிறகு தேத்தண்ணி. முற்பணம் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று. முதல்நாள் பின்னேரம் போன் வந்தது, மண்டபத்தில் திருத்தவேலையாம். அடுத்தநாள் நூல் வாங்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். சீமெந்துப் பையும் இல்லை, மேசனும் இல்லை. கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. நடந்த திருத்தவேலை அவ்வளவுதான்.

பேச வர இருந்தவள் என்னிடம் தைக்கிறவள். மூன்று வருசத்துக்கு முன் இரவு எட்டு மணிக்கு, நான் மெசினை மூடும் நேரம், படலையைத் தட்டினாள். "அக்கா, சாறி பிளவுஸ் ஒண்டு தைக்கவேணும்." மனுசிக்கோ தங்கச்சிக்கோ ஆக்கும் என்று நினைத்து, "அளவுச் சட்டை கொண்டந்தனீரோ தம்பி?" என்று கேட்டுவிட்டேன். "எனக்குத்தான் அக்கா" என்றாள். அளவுநாடாவை எடுத்தேன். தோள் பதினாறரை அங்குலம். கடையில் தொங்கும் ரெடிமேட் எதுவும் அந்தத் தோளுக்கு ஏறாது. ஏறினாலும் கையைத் தூக்கினால் கீழ்ப்பட்டி இடுப்பை விட்டுக் கிளம்பும், முன்பக்கம் பை மாதிரித் தொங்கும். கைக்குழியை மாற்றி வெட்டி, முன் மடிப்பின் ஆழத்தைக் குறைத்து, மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். மூன்றாம் தரம் போட்டுப் பார்த்தபோது கண்ணாடிக்கு முன்னால் நின்று கொண்டை முடிவதுபோல இரண்டு கையையும் மேலே கொண்டுபோனாள். "இது கிளம்பேல்லை அக்கா" என்றாள். பிளவுஸ் சரியாக அமைந்தால் ஒரு பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருசமாக அந்தக் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான் அது. இந்த விசயத்தில் எனக்கு இதற்கு மேல் படிப்பில்லை.

பண்பாடு என்று பெரியவர் எழுதியதால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரிலே ஒரு காலம் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது. குறுக்குக்கட்டோடுதான் நிற்க வேண்டும். எனக்குத் தையல் பழக்கியவ தன் ஆச்சி காலத்துக் கதையாக அதைச் சொல்லும்போது ஊசியை நிறுத்திவிட்டுச் சொல்லுவா. அன்றைக்கு அதுவும் பண்பாடுதான். அவர்கள் சட்டை போட்டால் பண்பாடு அழிந்துவிடும் என்று சொன்னவர்களின் பேத்திமாருக்கும், சட்டை மறுக்கப்பட்டவர்களின் பேத்திமாருக்கும் இப்போது ஒரே மேசையில் வைத்துத் துணி வெட்டுகிறேன். (அர்த்தநாரீஸ்வரரை இதற்குள் இழுக்க எனக்கு விருப்பமில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து கல்லெறிகிறவனுக்கு அவர் என்ன செய்வார்?)

வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்ற கதைக்கும் வருகிறேன். அவன் கொண்டுவந்தது தண்டனையைத்தான். தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுச் சரக்கு, ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கும் அதன் 365, 365அ பிரிவுகள் அவன் எழுதி வைத்தவை. 365அ முதலில் ஆண்களைப் பற்றி மட்டுமே பேசியது. 1995 இல் திருத்தி எல்லாருக்கும் ஆக்கினார்கள். பெண்களுக்கு இந்த நாட்டில் தாம்பாளத்தில் வைத்துத் தந்த சமத்துவங்களில் இதுவும் ஒன்று. அந்த வருசம் நாங்கள் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். கொழும்பில் என்ன சட்டம் திருத்தினார்கள் என்று ஆர் பார்த்தது? 2023 இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளை மாற்ற ஒரு தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று அந்த வருசம் மே மாதம் உயர் நீதிமன்றமும் சொன்னது. 2024 இல் அந்தப் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை.

என்னிடம் தைக்கிற அவளுக்கு இவையெல்லாவற்றையும் விடப் பெரிய தலையிடி அடையாள அட்டை. எங்கள் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே ஆணா பெண்ணா என்பது ஒளிந்திருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஜனவரி 10 ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 010, அதே நாள் பிறந்த பெண்ணுக்கு 510. பெண்ணென்றால் ஐந்நூறு கூட்டுவார்கள். கூட்டுகிற இடம் வேறெங்கும் இல்லையென்பதால் இங்கே கூட்டுகிறார்களோ தெரியாது. ஆக, சாறி உடுத்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஒரு கந்தோருக்குப் போய் அட்டையை நீட்டினால், பெயரை வாசிக்கமுன்னமே இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். 2016 இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை போட்டது. மனநல வைத்தியர் பார்த்துப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் தந்தால், அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். வழி இருக்கிறது. அந்த வழியில் எத்தனை கவுண்டர், எத்தனை "பிறகு வாங்கோ", எத்தனை பேர் மற்ற மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்கள் என்பதை அவள் சொல்லக் கேட்க வேண்டும். எந்தக் கந்தோர் என்று எழுத நான் வரவில்லை.

காகிதத்துக்காக அலைவது எனக்குப் புதிதில்லை. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த இரண்டு பரப்புக் காணியை விற்க, பதினொரு வருசமாக முகமே காட்டாத மனுசனின் சம்மதம் வேண்டும் என்றார் நொத்தாரிசு. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் அப்படி. இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு வாங்க வேண்டும். போனேன், வாங்கினேன். அந்த நீதிமன்ற வாங்கில் இருந்தபோது எனக்கு எப்படி இருந்ததோ, அவள் கதை சொன்னபோது அதே வயிற்றெரிச்சல் வந்தது.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். மண்டபம் இல்லையென்றதும் என் வீட்டு முன்விறாந்தையில் வையுங்கோ என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் ஆறு கதிரை, மிச்சம் பாய். பத்தொன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். பத்திரிகையில் எழுதியவர் இவர் இல்லை, ஆனால் அதே கட்சி. எதிர்த்துப் பேசவென்றே வந்தவர், கதிரையில் இருக்கமுன்னமே அதைச் சொல்லியும் விட்டார். எனக்கு அது பிடித்துக்கொண்டது.

அவள் பேசி முடிந்ததும் அவர் பழைய சொல் ஒன்றைச் சொல்லித்தான் கேள்வியைத் தொடங்கினார். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன், உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். உடனே ஒரு பெடியன் எழும்பி, "ஐயா, அந்தச் சொல்லைத் திரும்ப எடுங்கோ, இல்லாட்டி வெளியில போங்கோ" என்றான். நான் அவனை இருத்தினேன். "தம்பி, இது என்ரை விறாந்தை. அவரும் கேக்கட்டும், அவள் பதில் சொல்லட்டும்." சொல் பிழை என்று அவருக்கு நானும் சொன்னேன், அவள் தன்னைத் திருநங்கை என்று சொல்கிறாள், நீங்களும் அப்படியே சொல்லுங்கோ என்று. அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கேள்வியைக் கேட்டார்.

"அப்ப நாளைக்குத் தாய் தேப்பன் செத்தால் கொள்ளி ஆர் வைக்கிறது?"

அவள் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு நான்தான் வைச்சனான் ஐயா. வேட்டி கட்டச் சொன்னவை, கட்டினனான். தலை வழிக்கச் சொன்னவை, வழிச்சனான். அந்தத் தலைமயிர் வளர எனக்கு மூண்டு வருசம் எடுத்தது. சாம்பல் அள்ளிப்போட்டு வர, பெரியப்பா சொன்னார், எட்டுச் சடங்கு முடிய இந்த வீட்டுப் பக்கம் வராதை எண்டு."

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. விறாந்தைத் தரையில் நூல்துண்டுகள் கிடந்தன, எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாத்தியார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பெரியப்பா சொன்னது பிழை" என்றார். பிறகு படலையடியில் செருப்பைக் கொழுவும்போது என்னிடம், "ஆனா நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லைப் பிள்ளை" என்றார். ஒத்துக்கொள்ளாமல் இருக்கட்டும். மண்டபம் பூட்டிக் கிடந்திருந்தால் அந்த மனிசன் கொள்ளிக் கதையைக் கேட்டிருக்கவே மாட்டார்.

பெடியளுக்கும் எனக்கும் சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. உங்கள் பத்திரிகையில் எழுதியவர் மீது முறைப்பாடு கொடுக்க வேண்டும், அது வெறுப்புப் பேச்சு, அதற்குச் சட்டம் இருக்கிறது என்றார்கள். இருக்கிறதுதான். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். அதே சட்டத்தில்தான் 2023 மே மாதம் மேடையில் பகிடி சொன்ன நதாஷா எதிரிசூரியவைப் பிடித்தார்கள். தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீமை 2020 இல் பிடித்தது வேறு சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டம். நீதிமன்றம் அவரை விடுவிக்க 2023 டிசம்பர் ஆனது. 2024 இல், இணையத்தில் எழுதுவதற்கென்று, நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. வாயை மூடும் சட்டத்தைக் கையில் எடுத்தால் அது நாளைக்கு முதலில் வந்து தட்டப்போகும் படலை அவளுடையது. பெரியவருக்குத் தெரிந்த பொலிஸ்காரர் இருப்பார், அவளுக்கு ஆர் இருக்கிறார்? நேராக ஆரையும் அடிக்கச் சொல்லி, வீட்டைக் கொளுத்தச் சொல்லி எழுதினால் அது வேறு. "எனக்கு இது பிடிக்கேல்லை" என்று எழுதுகிறவரை எழுத விடுங்கோ என்றேன். பெடியளுக்கு என்னில் மனவருத்தம். இரண்டு பேர் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

அந்தக் காலத்துத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டினார். அதே மனிதர் பின்னாளில், அரசியலமைப்பை மாற்ற வெள்ளைக்காரன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுக் காலத்தில், பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று நின்றார். எவரும் அவர் வாயைப் பூட்டவில்லை. அவர் சொன்னார், எடுபடவில்லை, 1931 இல் வாக்கு வந்தது. (வந்த தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததும், நாலு தொகுதியும் 1934 வரை ஆளில்லாமல் கிடந்ததும் எங்கள் ஊருக்கே உரிய கதை.)

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூடேலாது என்பார்கள். இங்கே மூடிக் காட்டியிருக்கிறார்கள். 1989 செப்டெம்பர் 21 இல், மனித உரிமை மீறல்களைப் பற்றி எழுதிய மருத்துவ விரிவுரையாளர் ரஜனி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டா. 1991 இல் கவிஞர் செல்வியைக் கொண்டுபோனார்கள், அவ திரும்பி வரவேயில்லை. 2000 ஒக்டோபரில் ஊரடங்கு நேரம் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜனை வீட்டுக்குள்ளேயே வைத்துச் சுட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த நாள் என் தையல் அறைக்கு வந்த பெண்கள் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. அளவெடுத்தேன், விலை சொன்னேன். ஒரு பூட்டை அந்தச் சாவுகளோடு வைத்து எழுதுவது கூடிப்போயிற்று என்று நினைப்பீர்கள். இரண்டும் ஒன்றல்லத்தான். ஆனால் மண்டபக்காரருக்குப் போன் எடுத்தவர் பெயர் சொல்லவில்லை, இவரும் ஆர் என்று கேட்கவில்லை. அந்தப் பழக்கம் எங்கள் எல்லாருக்கும் அந்தக் காலத்தில்தான் ஒட்டியது.

இனி நான் எழுத வந்த விசயம். திருநங்கைகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் இந்த வருசம் நாலு கடிதம் பார்த்தேன். வெட்டி வைத்திருக்கிறேன். நாலும் அவளைப் போன்றவர்களைப் பற்றியவை, ஒன்றாவது அவர்கள் எழுதியது இல்லை. நீங்கள் போடவில்லையா, அவர்கள் அனுப்பவில்லையா என்று எனக்குத் தெரியாததால் அவளையே எழுதச் சொன்னேன். கொப்பித் தாளில் இரண்டு பக்கம் எழுதித் தந்திருக்கிறாள். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தியதைத் தவிர நான் ஒன்றும் தொடவில்லை. கொள்ளி வைத்ததை அதில் எழுதவில்லை, அதை நான் சொல்லலாம் என்று அனுமதி தந்தாள். பெயர் போட அவளுக்குப் பயம், நீங்கள் மற்ற வாசகர்களுக்குச் செய்வதுபோலப் பெயரைத் தவிர்த்துப் போடலாம். என் பெயரைப் போட எனக்குப் பயமில்லை, ஆனால் போட்டால் என் படலையைப் பார்த்து அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் என்னையும் விட்டுவிடுங்கள்.

முதலில் எழுதிய பெரியவர் இதற்கு மறுப்பு அனுப்பினால் அதையும் போடுங்கள். அவளுடைய இரண்டு பக்கத்தையும் இந்தக் கடிதத்தோடு குத்தி வைத்திருக்கிறேன். இடம் காணாவிட்டால் என்னுடையதை வெட்டுங்கள்.

ஒரு தையற்காரி,
கொக்குவில்.