சல்லடையில விழாத பொடிசு

பொகவந்தலாவ

பாப்பா,

நல்லாருக்கியா. இங்க மூணு நாளா விடாத மழை, லயத்து வீட்டுக்குப் பின்னாடி மண்ணு கொஞ்சம் சரிஞ்சிச்சு, பயப்புட ஒன்னுமில்ல, அம்மா பெருசா சொல்லுவா நம்பாத.

போன கிழம நீ போன்ல சொன்னத இன்னும் மென்னுகிட்டே இருக்கேன். முப்பது வருசம் தேயில பேக்டரியில சல்லட மிசின்கிட்ட நின்னவன் நான். பொடி கீழ விழும், பெருசு மேல நிக்கும், பிஓபிங்குற பெரிய தூளும் டஸ்ட்டுங்குற பொடித் தூளும் அப்புடித்தான் பிரியுது. நீ என்னடான்னா சோடியம் பொடிசு, பொட்டாசியம் பெருசு, ஆனா நீ ஆராய்ச்சி பண்ற, செல்லோட சவ்வுல இருக்குற அந்த புரோட்டீன் ஓட்டையில பெருசு தான் போகும், 10,000 பொட்டாசியம் போனா ஒரு சோடியம் போறதே அதிகம்ங்குற. அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. பெருசு போற ஓட்டையில பொடிசு எப்புடி போகாம நிக்கும்?

விடியக்காலைல தான் அப்பாயியோட கம்பளி ஞாபகம் வந்துச்சு. மழையில அத போத்திகிட்டு தான் கொழுந்தெடுக்க போகும், வீட்டுக்கு வந்தாலும் அடுப்புச் சூடு மேல பட்டா தான் கழட்டும். இந்த சோடியம் பொட்டாசியம் ரெண்டு அயனும், அதான் கரண்டு ஏறுன அணு, தண்ணியவே கம்பளியா போத்திகிட்டு தான் வருது, கழட்டுனா தான் ஓட்டைக்குள்ள போக முடியும். உள்ள சுத்தி நிக்குற புரோட்டீனோட ஒட்சிசன், தண்ணி தொட்ட மாதிரியே பொட்டாசியத்த தொடுது, அதுக்கு குளிரல, கழட்டிட்டு போயிடுது. சோடியம் பொடிசுல்ல, ஒட்சிசன் எட்டல, அது எதுக்கு கழட்டும், வாசல்லயே நிக்குது. சரிதானே? தப்புன்னா சொல்லு. ஆனா அப்புடி நின்னு கழட்டிட்டும் செக்கனுக்கு கோடிக்கணக்குல ஓடுதுன்னியே, அத மட்டும் நம்ப முடியல.

போன மாசம் பல்லு புடுங்குனேன், ஊசி போட்டு வாய் மரத்துச்சு, அந்த மருந்து நரம்புல சோடியம் போற கதவ அடைக்குதுன்னு நீ சொன்னது ஞாபகம் வந்து வாய தொறந்துகிட்டே சிரிச்சேன், டொக்டர் பயந்துட்டாரு.

சரி, நீ அழுத விசயத்துக்கு வாறேன். படம் எடுக்குறதுக்காக கொழுப்புச் சவ்வுலருந்து பிரிச்சு சோப்பு மாதிரி ஒன்னுல வச்சா புரோட்டீன் கட்டி கட்டியா போயிடுது, ரெண்டு வருசம் போச்சுன்ன. இந்த பொட்டாசியம் ஓட்டைய படமெடுத்த மெக்கின்னனும், பாத்துகிட்டிருந்த டொக்டர் வேலைய விட்டுட்டு முப்பது வயசு வாக்குல தான் இதுக்கு வந்தாருன்னு நீ தானே சொன்ன, 1998ல படத்த காட்டி 2003ல நோபல் வாங்குனாரு. அவரே மொதல்ல மண்ணுல கெடக்குற பக்டீரியாவோடத தானே எடுத்தாரு? நீ மட்டும் ஏன் மனுசனோடதே வேணும்னு நிக்கிற? லேசா எடுக்க முடியுற சொந்தக்கார புரோட்டீன் ஒன்னு இருக்கான்னு ஒங்க சேர்கிட்ட கேளு, வெக்கப்படாத.

டஸ்ட்டு ரெண்டு கிலோ பார்சல் போட்டிருக்கேன், கொச்சிக்கா தூளும் இருக்கு.

நீ அனுப்புன புரோட்டீன் படத்த அம்மா பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டிட்டா. அகலமான பக்கம் மேலயா கீழயா? தலைகீழா இருந்தா சொல்லு, மாத்தி ஒட்டுறேன்.

அப்பா