சிமுலேட்டருக்குக் கையிலுள்ள ரிமோட்டே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதிரி விமானங்களைப் பறக்கவிடப் பழகும் மாணவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். கணினியில் சிமுலேட்டரில், அதாவது விமானம் பறப்பதைத் திரையில் போலச்செய்து காட்டும் மென்பொருளில், பழகிய பிறகே உண்மையான விமானத்தைத் தொட வேண்டும் என்று அதில் கூறியிருப்பது முற்றிலும் சரி. ஆனால் அந்தப் பயிற்சிக்கு விளையாட்டு ஜாய்ஸ்டிக் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்திருப்பதைப் படித்துவிட்டு எத்தனை பெற்றோர் கடைக்குக் கிளம்புவார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். விமானத்தோடு வாங்கிய ரிமோட்டையே, அதாவது டிரான்ஸ்மிட்டரையே, கணினியில் இணைத்துக்கொள்ளலாம், இணைத்துக்கொள்ளவும் வேண்டும்.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் வேலை செய்யாத ரிமோட்டையும் அறுந்த வயரையும் என்னிடம் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டதால், இந்த விஷயத்தில் எங்கெங்கே இடறுகிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

ஜாய்ஸ்டிக் ஏன் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விமான ரிமோட்டில், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் ஸ்டிக்குக்கு ஸ்பிரிங் கிடையாது. வைத்த இடத்தில் நிற்கும். விளையாட்டுக் கருவிகளின் கட்டைவிரல் குச்சியோ கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பிவிடும். அதன் அசைவுத் தூரமும் மிகக் குறைவு. அதில் பத்து நாள் பழகியவன் உண்மையான ரிமோட்டைப் பிடித்தால், இறங்கும் நேரத்தில் த்ராட்டிலைக் குறைக்காமலே கையை எடுத்துவிடுவான். மேலும், விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும் என்ற ஒரு குழப்பத்தைத் தாண்டத்தான் பாதிப் பயிற்சியே செலவாகிறது. அந்தப் பழக்கம் எந்த விரலில் ஏற வேண்டுமோ, எந்த ஸ்டிக்கில் ஏற வேண்டுமோ, அதில் ஏறினால்தான் பயன்.

இணைப்பதற்கான வழி பெரும்பாலான ரிமோட்டுகளின் பின்புறத்திலேயே இருக்கிறது. டிரெய்னர் போர்ட் என்று அதைச் சொல்வார்கள். ஆசிரியரின் ரிமோட்டையும் மாணவரின் ரிமோட்டையும் ஒரு வயரால் இணைத்து, மாணவர் தடுமாறினால் ஆசிரியர் ஒரு சுவிட்சில் கட்டுப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காக வைக்கப்பட்டது அது. அதன் வழியே வெளியேறும் சிக்னலுக்குப் பிபிஎம் என்று பெயர். ஒவ்வொரு ஸ்டிக்கின் நிலையும் இங்கே ஒரு கால இடைவெளியாக மாறுகிறது. ஒரு கோடியில் 1 மில்லி விநாடி, நடுவில் 1.5, மறு கோடியில் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு சேனல்கள், அதாவது எட்டுத் தனித்தனிக் கட்டுப்பாடுகள், வரிசையாக முடிந்ததும் நீண்ட இடைவெளி ஒன்று வரும்; அதைக் கண்டதும் மறுமுனை எண்ணிக்கையை மீண்டும் முதல் சேனலிலிருந்து தொடங்கிக்கொள்ளும். பொதுவாக 22.5 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று, அதாவது விநாடிக்குச் சுமார் 44 சுற்றுகள். வாழ்நாள் முழுவதும் ரிலேக்களோடு குடித்தனம் நடத்திய எனக்கு, ஒரே கம்பியில் எட்டுச் செய்திகளை இவ்வளவு எளிமையாக அடுக்கியிருக்கும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

சிக்கல் சிக்னலில் இல்லை, துளையில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகனுக்கு, எல்லா ரிமோட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு கடையில் சிமுலேட்டர் வயர் விற்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் முனையில் 3.5 மில்லிமீட்டர் பின். அவனிடம் இருப்பதோ ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6. அந்த ரிமோட்டில் பழைய எஸ்-வீடியோ துளையைப் போன்ற நான்கு பின் வட்டத் துளைதான் உண்டு. திருப்பிக் கொடுக்கப் போனபோது, பிரித்த பொருளை வாங்க மாட்டோம் என்று கூறிவிட்டார்கள். ஸ்பெக்ட்ரம் ரிமோட்டுகள் பலவற்றில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கும். ஃபுடாபாவில் சதுர வடிவத் துளை. அதன் பழைய மாடல்களில் வட்டத் துளை. ஆகவே ரிமோட்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, அங்கேயே செருகிப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் என்ற சிறு கருவியோடு பல முனை அடாப்டர்களும் சேர்ந்து வரும் வகை சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. கணினி அதை ஜாய்ஸ்டிக்காகவே அடையாளம் கண்டுகொள்ளும். தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது. டாங்கிளின் பக்கவாட்டில் சிறிய சுவிட்ச் இருந்தால், அது எந்த சிமுலேட்டர் என்பதைத் தேர்ந்தெடுப்பதற்கானது. அதைக் கவனிக்காமல் டாங்கிள் செத்துவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

டாங்கிளே வேண்டாம், கணினியின் மைக் துளையில் செருகினால் போதும் என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அதுவும் உண்மையே. ஸ்மார்ட்புரோபோபிளஸ் என்ற இலவச மென்பொருள் அந்தத் துடிப்புகளை ஒலியாகவே வாங்கிப் படித்து, விஜாய் என்ற கற்பனை ஜாய்ஸ்டிக் வழியாக சிமுலேட்டருக்குத் தரும். ஆனால் மைக் துளை மில்லிவோல்ட் அளவிலான சிக்னலை எதிர்பார்க்கும் இடம்; ரிமோட்டிலிருந்து வருவதோ வோல்ட் கணக்கில். எனவே 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை இடையில் வைத்துப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்த பிறகே இணைக்க வேண்டும் என்பது என் கருத்து. இப்போதைய லேப்டாப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான் இருப்பதால், சாதாரண மோனோ பின்னைச் செருகினால் மைக் முனை கிரவுண்டோடு சேர்ந்துவிடும். எதுவும் வேலை செய்யாது. இன்னொன்று: ஒலி அட்டை விநாடிக்கு 44,100 முறை அளந்தால், ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 23 மைக்ரோ விநாடி. ஸ்டிக்கின் முழு அசைவே 1,000 மைக்ரோ விநாடிதான் என்பதால், நுணுக்கம் ஏறக்குறைய 44 படிகளோடு நின்றுவிடுகிறது. அளவு வீதத்தை 192,000 ஆக உயர்த்த முடிந்தால் நிலைமை தேறும். செலவில்லாத வழி என்பதால் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் பழகுபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் இயங்கும் ரேடியோமாஸ்டர் போன்ற புதிய ரிமோட்டுகளுக்கு இவை எதுவுமே வேண்டாம். யுஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து, திரையில் கேட்கும்போது ஜாய்ஸ்டிக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. முடியாவிட்டால், பத்தில் எட்டு முறை, வயர் சார்ஜுக்கு மட்டுமானதாக இருக்கும், அல்லது சார்ஜுக்கான துளையில் செருகியிருப்பார்கள். சிமுலேட்டருக்கென்று ரிமோட்டில் தனி மாடல் ஒன்றை, அதாவது சேமித்து வைக்கும் அமைப்புத் தொகுப்பு ஒன்றை, உருவாக்கி, அதில் ரேடியோ அலையை அணைத்துவிடுவது நல்லது. பேட்டரியோடு மேசையில் கிடக்கும் உண்மையான விமானத்தின் புரொப்பெல்லர் திடீரென்று சுழலாமல் இருக்கும் என்பதே முதல் காரணம்.

வயர் சரியாக அமைந்தபின் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் அளவமைப்பு, அதாவது கேலிபிரேஷன். சிமுலேட்டரைத் திறப்பதற்கு முன்பே விண்டோஸில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று தட்டச்சு செய்தால் வரும் பெட்டியில் ஒவ்வொரு ஸ்டிக்கும் அசைகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ரிமோட்டில் டிரிம்கள் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் சிறு பட்டன்கள்) நடுவில், ஸ்டிக்கின் அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போவும் அசைவின் அளவைக் குறைக்கும் டூயல் ரேட்டும் இல்லாமல், இரண்டு சேனல்களை ஒன்றாக இயக்கும் இறக்கைக் கலப்பு எதுவும் இல்லாத எளிய மாடல் இருக்க வேண்டும். ஸ்டிக்குகளை நடுவில் விடச் சொல்லும்போது த்ராட்டில் தானாக நடுவுக்கு வராது என்பதை மறந்து, அது கீழே கிடக்கும்போதே பட்டனை அழுத்திவிட்டு, பிறகு விமானம் ஓடுபாதையிலேயே அலறுகிறது என்று புலம்புவதை நான் வாரந்தோறும் கேட்கிறேன். ஃபுடாபா, ஃபிளைஸ்கை வரிசையில் முதல் சேனல் விமானத்தை இடவலமாகச் சாய்க்கும் எய்லரான், மூன்றாவது த்ராட்டில். ஸ்பெக்ட்ரம் வரிசையில் முதல் சேனலே த்ராட்டில். திரையில் ஒன்றுக்கு ஒன்று மாறி அசைந்தால் வயரைப் பிரிக்காமல், சிமுலேட்டரின் அமைப்பில் சேனல்களை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் சிஆர்ஆர்சிசிம், பிகாசிம் ஆகிய சிமுலேட்டர்களில் இந்த வசதி இருக்கிறது. தொடக்கத்துக்கு அவையே தாராளம்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், வடசென்னையில் விமானத்தை விழவைத்துப் பழகுவதற்கு இடமே இல்லை. எங்கள் பகுதியில் தண்டவாளங்களுக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. தெருக்களின் மேல் மின்வயரும் கேபிள் வயரும் பின்னிக் கிடக்கின்றன. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரையின் பெரும்பகுதி கருங்கல் தடுப்பாகிவிட்டது. துறைமுகம், சுத்திகரிப்பு நிலையம், அனல்மின் நிலையம் என்று பாதுகாப்புள்ள இடங்களும் அருகிலேயே உள்ளன. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்பதை வரைபடத்தில் பார்த்த பிறகே வெளியே எடுத்துப் போக வேண்டும். மாஞ்சா நூலைத் தடை செய்தது நியாயமே. ஆனால் மொட்டை மாடியில் பட்டம் விட்டுக் காற்றைப் படித்த பிள்ளைகளுக்கு இன்று அதற்கு ஈடாக இருப்பது இந்தத் திரை ஒன்றுதான்.

எனவே அடுத்த ஞாயிறு இணைப்பில், ஜாய்ஸ்டிக் பற்றிய அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், எந்த ரிமோட்டுக்கு எந்தத் துளை என்பதையும் ஒரு சிறு படமாகச் சேர்த்து அச்சிடுங்கள். என் தங்கை மகனிடம் இன்னும் கிடக்கும் அந்தப் பொருந்தாத வயரை, ஸ்பெக்ட்ரம் ரிமோட் வைத்திருக்கும் எங்கள் பகுதி மாணவர் யாரேனும் கேட்டால் விலையில்லாமலே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் பணியாளர்,
கொருக்குப்பேட்டை, சென்னை